சிம்லா: ஒரே நாளில் பனியும் வைஸ்ரீகல் லாட்ஜும், குடும்பத்தோடு. எதை முதலில் பார்ப்பது?

வியாசை வாசி:
பொங்கல் லீவுல சிம்லா போறோம். நான், வீட்டுக்காரம்மா, பசங்க ரெண்டு பேர் (9, 5 வயசு), எங்க அம்மா (66 வயசு, பி.பி. மாத்திரை சாப்பிடுறாங்க, முட்டி வலி உண்டு). ஞாயிறு சாயங்காலம் சிம்லா சேர்றோம், செவ்வாய் சாயங்காலம் கிளம்பறோம். நடுவுல ஒரு முழு நாள் இருக்கு. பசங்களுக்குப் பனி காட்டணும். அம்மாவுக்கு வைஸ்ரீகல் லாட்ஜ் (வெள்ளைக்கார வைஸ்ராய்ங்க கோடையில தங்கின மாளிகை) பார்க்கணும். காலைல 6 மணிக்குக் கிளம்பி பனிக்கு நார்கண்டா, திரும்பி வரும்போது லாட்ஜ்னு ஏஜென்ட் பிளான் போட்டுக் கொடுத்திருக்கார். இது சரியா வருமா? துணிமணி, மருந்து, சாப்பாடு எதுல கவனமா இருக்கணும்னும் சொல்லுங்க.

எண்ணூர் டிரைவர்:
தம்பி, அந்தப் பிளான் தலைகீழா இருக்கு. ஜனவரியில மலை ரோட்டுக்கு 6 மணிங்கறது ஆகாத நேரம். பகல்ல ஓரத்துப் பனி உருகி ரோட்டுக்குக் குறுக்க தண்ணியா ஓடும். ராத்திரி அது அப்படியே ஐஸா உறைஞ்சிடும். காலைல பார்த்தா தார் ரோடு லேசா நனைஞ்ச மாதிரிதான் தெரியும், ஐஸ்னு கண்ணுக்குத் தெரியாது. டல்லி (சிம்லா ஊர் முடியற இடம்) தாண்டினதும் மலையோட வடக்குப் பக்கம் வர்ற வளைவுல பத்து, பத்தரை வரைக்கும் வெயில் விழாது. அங்க பிரேக் மிதிச்சா வண்டி நிக்காது, நேரா போகும். ஊர் டிரைவருங்க ரெண்டாவது கியர்ல, பிரேக்கைத் தொடாம, இன்ஜின் பிடிப்பிலேயே இறக்குவாங்க. அவங்களே முடிஞ்சா அந்த நேரத்துல வண்டி எடுக்க மாட்டாங்க.

காலைல முதல்ல லாட்ஜ் பாருங்க. ஒன்பதரை, பத்துக்குத் திறந்ததும் உள்ள போனா பதினொன்றரைக்குள்ள முடிஞ்சிடும். அப்புறம் பனி. வெயில் ஏறி ரோடு காஞ்சிருக்கும். திரும்பும்போது நாலு மணிக்குள்ள டல்லியைத் தாண்டி ஊருக்குள்ள வந்துடணும். அதுக்கு மேல ஆச்சுன்னா ரோடும் மறுபடி உறைய ஆரம்பிக்கும், மேல குஃப்ரியில பனி பார்க்கப் போன கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்துல இறங்கும்.

இன்னொண்ணு, நார்கண்டாவும் லாட்ஜும் ஒரே நாள்ல வேணாம். சிம்லாவுல இருந்து நார்கண்டா 60 கிலோமீட்டருக்கு மேல, ஒரு பக்கத்துக்கே ரெண்டு ரெண்டரை மணி நேரம். குஃப்ரி 15 கிலோமீட்டர் சொச்சம்தான். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் மேல போனா ஃபாகு. அரை நாள்ல பனி பார்க்கணும்னா ஃபாகு வரைக்கும் போதும்.

வண்ணை 21:
அண்ணா சொல்ற ரோடு கணக்கு சரி. ஆனா மதியம் குஃப்ரியில் இருப்பது பனி இல்லை, சேறு. வண்டி நிற்கும் இடத்திலிருந்து மகாசு உச்சிக்குக் குதிரையில் ஏற்றிப் போவார்கள். நூற்றுக்கணக்கான குதிரைகள் மிதித்த பாதை, சாணமும் உருகிய பனியும் கலந்து முழங்கால் வரை தெறிக்கும். ஐந்து வயதுக் குழந்தையோடும் முட்டி வலி உள்ள அம்மாவோடும் குதிரை வேண்டவே வேண்டாம். வழுக்கும் சேற்றில் குதிரைக்கே கால் இடறும். பனி சுத்தமாக வேண்டுமென்றால் காலையில்தான் போக வேண்டும் என்பது என் கருத்து.

எண்ணூர் டிரைவர்:
சேறு உண்மைதான். அதனாலதான் ஃபாகு சொன்னேன். குஃப்ரியில குதிரை ஸ்டாண்டுல நிறுத்தாம நேரா போகச் சொல்லுங்க. ஃபாகு பக்கம் ரோட்டோரச் சரிவிலேயே தேவதாரு மரத்தடியில மிதிபடாத பனி கிடைக்கும். நிழல் பக்கம் மதியத்துலயும் இளகாது. அம்மா வண்டியில இருந்து பத்தடி நடந்தாப் போதும். குஃப்ரியிலயே நிக்கணும்னா நேச்சர் பார்க்குக்குள்ள போங்க, டிக்கெட் உண்டு, குதிரை கிடையாது.

வண்டி பேசும்போதே 'குதிரை வேணாம், ஃபாகு வரைக்கும் போய் வெயிட்டிங்கோட எவ்வளவு'ன்னு கேட்டுடுங்க. சில பேர் குதிரைக்காரங்க கிட்டயே கொண்டு போய் நிறுத்துவாங்க, அதுக்கு மேல வண்டி போகாதும்பாங்க. ரோடு திறந்திருந்தா ஃபாகு, தியோக் தாண்டி பஸ்ஸே போகும், அது நேஷனல் ஹைவே 5. பஸ் போகுதான்னு ஹோட்டல்ல கேட்டாலே ரோடு நிலவரம் தெரிஞ்சிடும்.

முதல் நாள் ராத்திரி புதுசா பனி கொட்டியிருந்தா கணக்கே வேற. டல்லிக்கு மேல ரோடு அடைச்சிருப்பாங்க, மதியத்துக்குள்ள திறந்தாத் திறப்பாங்க. அன்னைக்குக் குஃப்ரி பக்கமே போகாதீங்க. வண்டிக்குள்ள நாலு மணி நேரம் உட்கார்ந்து பசங்க அழுவாங்க. சிம்லாவுக்குள்ளயே, லாட்ஜ் புல்வெளியிலயே பனி கிடக்கும்.

மிண்ட் தெரு:
இதை நான் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். புதுப்பனி விழுந்த மறுநாள் சிம்லாவில் குடும்பத்தோடு நிற்க அந்த லாட்ஜ் வளாகத்தை விட நல்ல இடம் கிடையாது. ஆனால் பனிக்கான இரண்டாம் வழியாக மட்டும் அதை நினைக்காதீர்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு அது மிகவும் நெருக்கமான கட்டடம்.

அதை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். 1880களில் சிம்லாவில் பொதுப்பணிகளைக் கவனித்தவர். லாட்ஜ் 1888 ஜூலையில் குடிபுகும் நிலைக்கு வந்தது, முதலில் குடியேறிய வைஸ்ராய் டஃபரின் பிரபு. அதை முடித்த கையோடு இர்வின் சென்னைக்கு வந்து அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞர் ஆனார். பாரிமுனையில் நிற்கிற உயர் நீதிமன்றம், 1892இல் திறந்தது, அவர் கைவண்ணம். ராஜாஜி சாலையில் இருக்கும் ஸ்டேட் வங்கியின் பழைய கட்டடத்திலும் அவர் பங்கு உண்டு. எழும்பூர் ரயில் நிலையமும் அவருடைய வரைபடம்தான். சிம்லா மால் ரோட்டில் இருக்கும் கெய்ட்டி தியேட்டரும் (1887) அவருடையதே.

ஆகவே கிளம்புவதற்கு முன் ஒரு நாள் பிள்ளைகளை உயர் நீதிமன்றத்துக்கு வெளியே நிறுத்தி அந்தச் செங்கல்லையும் குவிமாடங்களையும் காட்டுங்கள். பிறகு சிம்லாவில் நீலமும் சாம்பலும் கலந்த சுண்ணாம்புக் கல்லையும், கூரான முகடுகளையும், கோபுரங்களையும் பார்க்கட்டும். இங்கே வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் ஏற்ற நிழல் வராந்தா, இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய வடிவங்கள் கலந்த இந்தோ சாரசெனிக் பாணி. அங்கே இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மாளிகைகளின் சாயல். ஒரே ஆளின் கை இரண்டிலும் இருக்கிறது என்பது நேரில் பார்த்தால்தான் உறைக்கும்.

உள்ளே கவனிக்க வேண்டியவை:

மரவேலை. மைய மண்டபத்தில் நின்று தலையைத் தூக்கினால் மூன்று மாடிக்கும் மரக் கைப்பிடி மாடங்கள் சுற்றிவரத் தெரியும். படிக்கட்டு பர்மா தேக்கு. மற்ற இடங்களில் உள்ளூர்த் தேவதாரு, வால்நட் மரமும் கலந்து இழைத்திருக்கிறார்கள். பர்மா தேக்கு நம் வடசென்னைப் பழைய வீடுகளில் தூணாகவும் உத்தரமாகவும் நிற்பதுதான். அம்மாவுக்கு அடையாளம் சொல்லவே தேவை இருக்காது.

தீத்தடுப்பு. இவ்வளவு மரம் உள்ள கட்டடம் என்பதால் தண்ணீர்க் குழாய்களின் வாயை மெழுகால் அடைத்து வைத்தார்கள். தீப்பிடித்தால் சூட்டில் மெழுகு உருகும், தண்ணீர் பீறிடும். இன்றைய ஸ்பிரிங்ளரின் தத்துவம் அப்படியே இருக்கிறது. வழிகாட்டி இதைச் சொல்லும்போது ஒன்பது வயதுப் பிள்ளையை முன்னால் நிறுத்துங்கள். மின்விளக்கும் கட்டும்போதே போட்டுவிட்டார்கள், 1888இல்.

அரசியல். 1945 ஜூன், ஜூலையில் வைஸ்ராய் வேவல் பிரபு கூட்டிய சிம்லா மாநாடு இங்கேதான் நடந்தது. முன்னாள் சென்னை மாகாணப் பிரதமர் என்ற முறையில் ராஜாஜியும் வந்திருந்தார். பிரிவினைப் பேச்சுகளோடு தொடர்புபடுத்தி ஒரு மேஜையையும் காட்டுவார்கள். விடுதலைக்குப் பிறகு இது ராஷ்டிரபதி நிவாஸ். குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் இதைப் படிப்புக்கு ஒப்படைக்க விரும்பி, 1965இல் இந்திய உயராய்வு நிறுவனத்தை இங்கே தொடங்கி வைத்தார். விருந்தும் நடனமும் நடந்த கூடங்களில் இப்போது நூலகம் இருக்கிறது. ஆய்வாளர்கள் வேலை செய்யும் இடம் என்பதால்தான் எல்லா அறைகளையும் திறந்து காட்டுவதில்லை. பாதிதான் காட்டினார்கள் என்று யாரும் மனம் குறைபடக் கூடாது.

நடைமுறை: டிக்கெட் எடுத்தால் உள்ளே வழிகாட்டியோடு குழுக் குழுவாகத்தான் அனுப்புவார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது, வெளியே எடுக்கலாம். விளக்கம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும், அம்மாவுக்கு நீங்கள் பக்கத்தில் நின்று மெல்லச் சொல்ல வேண்டி வரும். முதல் குழுவில் போனால் கூட்டம் குறைவு. தோட்டத்துக்கு மட்டும் தனி டிக்கெட் உண்டு. வளாகத்துப் பழைய தீயணைப்பு நிலையத்தில் சின்ன கஃபேயும் புத்தகக் கடையும் இருக்கின்றன, குளிரில் அம்மா உட்கார அதுவே இடம்.

கடைசியாக ஒன்று. லாட்ஜ் நிற்கும் அப்சர்வேட்டரி ஹில் ஒரு நீர்ப்பிரி மேடு. ஒரு பக்கம் விழும் மழையும் உருகும் பனியும் சட்லெஜ் வழியாக அரபிக் கடலுக்குப் போகும். மறு பக்கம் விழுவது யமுனை, கங்கை வழியாக வங்கக் கடலுக்கு வரும். காசிமேட்டில் நாம் பார்க்கிற அதே கடல்.

கல்மண்டபம்:
அருமையா எழுதியிருக்கீங்க சார். நான் உடம்பு விஷயம் மட்டும் சொல்றேன், ஏன்னா 66 வயசு அம்மாவும் 5 வயசுக் குழந்தையும் இருக்காங்க.

சிம்லா சுமார் 2,200 மீட்டர் உயரம், குஃப்ரியும் நார்கண்டாவும் 2,700 பக்கம். மலைநோய் பொதுவா 2,500 மீட்டருக்கு மேல ஆரம்பிக்கும். சில மணி நேரம் போய்ட்டு சிம்லாவுக்கே தூங்க வந்துடுறதால பெரிசாப் பயப்பட வேணாம். லேசான தலைவலி, படி ஏறினா மூச்சு வாங்கறது சகஜம். தலைவலியோட வாந்தி, தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல் வந்தா உடனே கீழே இறங்கணும், மாத்திரை போட்டுட்டு அங்கேயே காத்திருக்கக் கூடாது.

அம்மாவுக்கு: குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், பி.பி. ஏறும். அதனால மாத்திரையை ஒரு வேளையும் விடக் கூடாது. நம்ம வீட்டுப் பெரியவங்க பயணத்துல செய்யற ஒரு காரியம், வழியில பாத்ரூம் தேட வேண்டியிருக்கும்னு தண்ணியே குடிக்காம இருக்கிறது. குளிர்ல தாகமும் தெரியாது. தலைவலி, மயக்கம் பாதி இதுனாலதான் வருது. ஃபிளாஸ்க்ல வெந்நீர் எடுத்துட்டுப் போங்க, அரை மணிக்கு ஒரு தடவை கால் டம்ளர் கொடுங்க. வழியில தாபாவுல டீ சாப்பிட நிறுத்தினா பாத்ரூமும் போய்க்கலாம், டிரைவர் கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி டாக்டர் கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க. ஆஸ்துமா யாருக்காவது இருந்தா இன்ஹேலரைக் கைப்பையில வைக்காம உடம்போட ஒட்டின உள் பாக்கெட்டுல வைக்கணும், சில்லிட்டுப் போனா சரியாப் பீய்ச்சாது.

வளைவு ரோட்டுல வாந்தி வர்ற குழந்தைக்குக் காலைல பூரி, எண்ணெய்ப் பண்டம் வேணாம். ரெண்டு இட்லி இல்லைன்னா பிரெட் போதும். ஜன்னல் பக்கம் உட்கார வைங்க, தூரத்துல பார்க்கச் சொல்லுங்க, கையில போன் கொடுக்காதீங்க. வாந்தி மாத்திரை கொடுக்கணும்னா வயசுக்கு அளவு டாக்டர்தான் சொல்லணும். கிளம்பறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி கொடுத்தாத்தான் வேலை செய்யும்.

விரல் வெளுத்து மரத்துப் போனா பனியைத் தேய்க்கிறது, ஹீட்டர் கிட்ட நேரா காட்டறது ரெண்டுமே தப்பு. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்து போயிடும். அக்குள்ல வெச்சு இல்லைன்னா வெதுவெதுப்பான தண்ணியில முக்கி மெதுவாச் சூடேத்தணும்.

எல்லாத்தையும் விட முக்கியமானது ராத்திரி ரூம். அங்கீதின்னு கரி போட்ட அடுப்பை ரூமுக்குள்ள வெச்சுட்டு ஜன்னலைச் சாத்திட்டுத் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போகும். கேஸ் ஹீட்டரும் மூடின ரூமுக்கு ஆபத்து. எலெக்ட்ரிக் ஹீட்டர், அதுவும் ஆயில் ரேடியேட்டர் கேளுங்க. தனிக் காசு வாங்குவாங்க, கொடுத்துடுங்க. மெத்தைக்கு அடியில போடற எலெக்ட்ரிக் பிளாங்கெட் இருந்தா தூங்கறதுக்கு முன்னாடி போட்டுச் சூடாக்கிட்டு, படுக்கும்போது அணைச்சிடுங்க.

வியாசை வாசி:
அக்கா, ரொம்ப நன்றி. அங்கீதி விஷயம் தெரியவே தெரியாது. துணி பத்தியும் சொல்லுங்க. நம்ம வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுலயே எல்லாம் வாங்கிடலாமா?

வண்ணை 21:
துணி என் பக்கம். இங்கே வாங்க வேண்டியது உள்ளே போடுவது, அங்கே வாங்க வேண்டியது வெளியே போடுவது.

முதல் அடுக்கு தெர்மல், மேலுக்கும் காலுக்கும். பாலியஸ்டரோ கம்பளிக் கலவையோ இருக்கட்டும். பருத்தி பனியனை அடியில் போடாதீர்கள். நம் ஊருக்குப் பருத்தி நல்லது, அங்கே அது எதிரி. ஓடியாடும் குழந்தைக்கு வியர்க்கும், பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஜீன்ஸுக்கும் இதே கதைதான், நனைந்தால் ஊருக்குத் திரும்பும் வரை காயாது. தெர்மல் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், 'அடுத்த வருஷத்துக்கும் ஆகும்' என்று பிள்ளைகளுக்கு ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் இடையில் குளிர் காற்று புகும்.

இரண்டாம் அடுக்கு ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். மூன்றாவது காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். இதை மட்டும் ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள், உள்ளே இரண்டு அடுக்குக்கு இடம் வேண்டும். சென்னையில் கனமான ஜாக்கெட் வகை குறைவு, வாங்கினாலும் மறுபடி போட வாய்ப்பில்லை. சிம்லா லோயர் பஜாரில் நிறையக் கிடைக்கும். பனி பார்க்கப் போகும் வழியிலேயே கோட்டும் கம்பூட்சும் வாடகைக்குத் தருவார்கள். கோட்டை வாடகைக்கே எடுக்கலாம். பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள், முந்தின ஆள் நனைத்த ஈரம் உள்ளேயே இருக்கும். உலர்ந்த சாக்ஸ் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டுக் காலை நுழைத்தால் ஈரம் ஏறாது.

சாக்ஸ் இரண்டு மூன்றாகப் போட்டு ஷூவை இறுக்காதீர்கள். இறுகினால் ரத்தம் ஓடாது, கால் இன்னும் சில்லிடும். கனமான கம்பளி சாக்ஸ் ஒன்று, விரல் அசைகிற ஷூ, அவ்வளவுதான். பிள்ளைகளுக்குக் கையுறை இரண்டு ஜோடி வேண்டும், முதல் ஜோடி பத்தே நிமிடத்தில் நனையும்.

அம்மா புடவைதான் கட்டுவார் என்றால் உள்ளே தெர்மல் பேன்ட் கட்டாயம், புடவையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். பனியில் புரளும் கரை நனைந்து உறைந்து கணுக்காலில் உராயும். சிந்தெடிக் புடவை பருத்தியை விடச் சீக்கிரம் காயும். குல்லா நம் மார்கழிக் குரங்குக் குல்லாவே போதும், காதும் கழுத்தும் மூடும்.

ஆளுக்கு ஒரு செட் மாற்றுத் துணி வண்டியில் இருக்கட்டும். பனியில் விளையாடிய பிள்ளையை ஈரத்தோடு வண்டியில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினால் உடம்பு சில்லிட்டு நடுங்கிப் போகும்.

எண்ணூர் டிரைவர்:
நடக்கிறதைப் பத்தியும் சொல்லணும். ஐஸ்ல குதிகாலை முதல்ல வைக்காதீங்க. பாதம் முழுசா தரையில படணும், சின்னச் சின்ன அடி, முட்டி லேசா மடங்கி, வாத்து நடக்கிற மாதிரி. கையைப் பாக்கெட்டுல விட்டுட்டு நடக்கக் கூடாது, விழுந்தா ஊன்ற முடியாது. அம்மாவோட கைத்தடி அடியில ரப்பர் இருந்தா ஐஸ்ல வழுக்கும், இரும்பு முனை போட்ட தடி அங்க கிடைக்கும். அவசரத்துக்குப் பழைய சாக்ஸை ஷூவுக்கு மேல மாட்டினா நல்லாப் பிடிக்கும்.

கட்டை ஸ்லெட்ஜ்ல உட்கார வெச்சு இழுப்பாங்க. சரிவு முடியற இடத்துல மரமோ பாறையோ ரோடோ இல்லாம பார்த்துக்கோங்க. சின்னப் பையனைத் தனியா விடாதீங்க, கூட ஒரு பெரியவங்க உட்காருங்க. அதிகமா அடிபடறது மணிக்கட்டும் வால் எலும்பும்தான்.

வண்டி விஷயத்துல டயரைப் பாருங்க. பள்ளம் தேஞ்சு வழவழன்னு இருந்தா அந்த வண்டி வேணாம். டிக்கியில டயருக்கு மாட்டற சங்கிலி இருக்கான்னு கேளுங்க, ஐஸ் பிடிச்ச ஏத்தத்துல அது இல்லாம டயர் சுத்திக்கிட்டே நிக்கும்.

கல்மண்டபம்:
சாப்பாடு ஒரு வரியில: புளியோதரை, சப்பாத்தி, தேங்காய் சேர்க்காத பொடி வகை எடுத்துட்டுப் போங்க. தயிர் சாதம் சில்லுனு ஆகிடும், பசங்க தொட மாட்டாங்க. சுக்குக் காபிப் பொடி எடுத்துட்டுப் போனா வெந்நீர் எங்கயும் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ள கல்லாயிடும், உதட்டுக்குத் தடவ வாஸலின் டப்பா வெச்சுக்கோங்க. பனியில வெயில் கீழேயிருந்தும் அடிக்கும், கண்ணு கூசிச் சிவந்து தண்ணி விடும். கூலிங் கிளாஸ் பசங்களுக்கும் வேணும்.

மிண்ட் தெரு:
கல்மண்டபம் சொன்ன கண்ணாடியோடு ஒரு எச்சரிக்கை. லாட்ஜ் வளாகத்திலும் ஜாக்கு கோயிலிலும் குரங்குகள் கண்ணாடியைப் பிடுங்கும். ஜாக்குவில் தொல்லை மிக அதிகம். அந்த இடங்களில் கண்ணாடி பையில் இருக்கட்டும், தின்பண்டக் கவர் கையில் வேண்டாம்.

படம் எடுக்கும்போது பனி சாம்பல் நிறமாக விழும், ஏனென்றால் வெள்ளை முழுவதையும் கேமரா நடுத்தர வெளிச்சமாக்கப் பார்க்கிறது. போனில் முகத்தைத் தொட்டு, வெளிச்சக் கோட்டைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், போன் ஸ்வெட்டருக்கு உள்ளே இருக்கட்டும்.

பெரம்பூர் பட்டறை:
எல்லோரும் நல்ல விவரம் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் தேதியை யாரும் கவனிக்கவில்லை. வியாசை வாசி ஞாயிறு மாலை சிம்லா சேர்கிறார் என்றால் அந்த முழு நாள் திங்கட்கிழமை. லாட்ஜுக்குத் திங்கள் விடுமுறை. ஏஜென்ட் போட்ட பிளானிலும் சரி, இங்கே பேசிய பிளானிலும் சரி, கதவு சாத்தித்தான் இருக்கும்.

அடுத்து ரயில். சென்னை சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஜனவரியில் வடக்கே மூடுபனி, டெல்லி நெருங்க நெருங்க வண்டி தாமதமாகும், சில நாள் பல மணி நேரம். புது டெல்லியில் காலையில் இறங்கி அதே காலை கால்கா சதாப்தியைப் பிடிக்கிற மாதிரி டிக்கெட் போட்டிருந்தால் மாற்றுங்கள். டெல்லியில் ஓர் இரவு இடைவெளி விடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. பொங்கல் நேரம் என்பதால் திறந்த அன்றே போட வேண்டும்.

கால்காவிலிருந்து மலை ரயில்தான் என் பரிந்துரை. 1903இல் திறந்த பாதை, 96 கிலோமீட்டர் சொச்சம், 762 மில்லிமீட்டர் அகலம், 102 சுரங்கம், 800க்கு மேல் பாலங்கள். கால்கா 656 மீட்டரில் இருக்கிறது, சிம்லா நிலையம் 2,076 மீட்டரில். நம் ஊட்டி ரயில் மீட்டர் கேஜ், 12க்கு 1 ஏற்றம் (12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும்) என்பதால் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் வேண்டும். கால்கா பாதை 33க்கு 1தான். அதனால் பல் இல்லாமல் சக்கரப் பிடிப்பிலேயே ஏறுகிறது. அதற்கு விலையாக ஏகப்பட்ட வளைவுகள். பாலங்கள் பல அடுக்குக் கல் வளைவுகளாலானவை, வளைவில் திரும்பும்போது பின்பெட்டியில் இருப்பவருக்கு இன்ஜின் ஜன்னலுக்கு எதிரே தெரியும். பரோக்கில் 33ஆம் எண் சுரங்கம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதைத் தாண்டியதும் வண்டி நிற்கும்போது பிள்ளைகள் இறங்கிப் பார்க்கலாம்.

ஐந்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும் என்பதுதான் அம்மாவுக்குச் சிரமம். பெட்டி சின்னது, கால் நீட்ட இடம் இல்லை. பெரிய சூட்கேஸ் வைக்கவும் இடம் கிடையாது. இரண்டு மூன்று சின்னப் பைகளாகப் பிரியுங்கள்.

வியாசை வாசி:
ஐயோ, திங்கள் லீவா! சார், நல்ல வேளை சொன்னீங்க. ஏஜென்ட் இதைச் சொல்லவே இல்லை. அப்ப செவ்வாய் காலைல லாட்ஜ் வெச்சுக்கலாமா? சாயங்காலம்தான் சிம்லாவுல இருந்து இறங்கற ரயில். ராத்திரி கால்காவுல நேதாஜி எக்ஸ்பிரஸ்.

எண்ணூர் டிரைவர்:
தாராளமா. இது இன்னும் நல்லதாப் போச்சு. திங்கள் முழுக்க பனிக்கே கிடைக்குது, அப்ப நார்கண்டாவே போயிடலாம். குஃப்ரியை விடக் கூட்டம் கம்மி, பனி சுத்தம், அதிக நாள் நிக்கும். ஆனா காலைல 9 மணிக்கு முன்னாடி கிளம்பாதீங்க. பதினொன்றரைக்குப் போய்ச் சேருவீங்க. ரெண்டு மணி நேரம் பசங்க ஆடட்டும், ஒன்றரைக்கு வண்டி எடுத்துடுங்க. நாலு மணிக்கு டல்லி. அங்க ஹட்டு பீக்குக்குப் போலாம்னு கூப்பிடுவாங்க, அது 3,400 மீட்டர் உயர முகடு. அந்த ரோடு பனிக்காலத்துல வண்டி போகாது, நடந்துதான் ஏறணும். அம்மாவோட வேணாம்.

திங்கள் ரோடு அடைச்சிருந்தா ரிட்ஜ்லயும் மால் ரோட்லயும் சுத்துங்க. கார்ட் ரோட்ல இருந்து மாலுக்கு லிஃப்ட் இருக்கு, டிக்கெட் எடுத்துட்டு அம்மாவை அதுல ஏத்துங்க, படி ஏற விடாதீங்க.

மிண்ட் தெரு:
செவ்வாய் காலை ஒன்பதரைக்கு லாட்ஜ் வாசலில் இருங்கள். முதல் நாள் மூடியிருந்ததால் கொஞ்சம் கூட்டம் இருக்கலாம். உள்ளே ஒரு மணி நேரம், தோட்டத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மாலில் இருந்து சுமார் 4 கிலோமீட்டர், டாக்சியில் போங்கள். வாசலில் இறங்கிய பிறகும் உள்ளே கொஞ்சம் ஏற்றம் நடக்க வேண்டும், வண்டியை எவ்வளவு மேலே விடுவார்கள் என்று காவலரிடம் கேளுங்கள், வயதானவர் என்று சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

பெரம்பூர் பட்டறை:
லாட்ஜுக்குப் பக்கத்து ரயில் நிலையம் சம்மர் ஹில், சிம்லாவுக்கு ஒரு நிலையம் முன்னால். நடந்து இறங்கி அங்கேயே ஏறலாம் என்று சிலர் சொல்வார்கள். சுமார் 2 கிலோமீட்டர் சரிவுப் பாதை, ஜனவரியில் நிழலான இடங்களில் ஐஸ் இருக்கும். பைகளோடும் அம்மாவோடும் அதைச் செய்யாதீர்கள். டிக்கெட்டில் ஏறும் நிலையம் சிம்லா என்று இருந்தால் சிம்லாவிலேயே ஏறுங்கள். காலையில் ரூமைக் காலி செய்து பைகளை ஹோட்டலில் விட்டுவிட்டு லாட்ஜ் போய், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் நிலையத்தில் இருந்தால் போதும்.

நேதாஜி எக்ஸ்பிரஸ் உங்களைப் பழைய டெல்லியில் இறக்கும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது டெல்லியில் புறப்படும். நடுவில் மெட்ரோவோ டாக்சியோ எடுக்க வேண்டும். திரும்பும் வண்டி இரவில்தான் என்பதால் மூடுபனியில் நேதாஜி சில மணி நேரம் தாமதமானாலும் கை நழுவாது.

வியாசை வாசி:
புரிஞ்சுது சார். டிக்கெட் திங்கள், செவ்வாய் மாத்தாம அப்படியே இருக்கலாம், ஏஜென்ட் பிளானை மட்டும் மாத்தறேன். திங்கள் 9 மணிக்கு நார்கண்டா, செவ்வாய் ஒன்பதரைக்கு லாட்ஜ். டெல்லி போகும்போது மட்டும் அதே காலைல சதாப்தி போட்டிருக்கு. அதை மறுநாளுக்கு மாத்தினா ஞாயிறு சிம்லா சேர ஊர்ல இருந்து ஒரு நாள் முன்னாடி கிளம்பணும் இல்லையா?

பெரம்பூர் பட்டறை:
ஆமாம். சென்னை இரவு, ரயிலில் ஒரு முழு நாள், மறுநாள் காலை டெல்லி, டெல்லியில் ஓர் இரவு, ஞாயிறு காலை சதாப்தி. வியாழன் இரவு சென்ட்ரலில் ஏற வேண்டும். வெள்ளி இரவு ஏற நினைத்திருந்தால் அதை இன்றே மாற்றுங்கள்.